ஸ்டைனர் தெரு வீடும் நம்ம பேரனும்

அன்பு லாத்தா, அஸ்ஸலாமு அலைக்கும். வீட்ல எல்லாரும் நல்லாருக்கீகளா. எனக்கு இந்த சான் பிரான்சிஸ்கோ குளிருதான் இன்னும் ஒத்துக்கல, ஜூலையில கூட பொழுது சாஞ்சா கடல்ல இருந்து பனிமூட்டம் ஏறி வந்து ஊரையே மூடிருது, கீழக்கரையில அப்ப வேர்த்து ஊத்திக்கிட்டு இருக்கும். தெரு பூரா ஏத்தம், கடைக்குப் போயி வந்தாலே கெண்டைக்கால் பிடிச்சுக்கிது.

டீவில எப்ப போட்டாலும் விடாம பாப்பீகளே அவ்வை சண்முகி, அதுக்கு மூலமே 1993ல வந்த மிஸஸ் டவுட்ஃபயர்ங்கிற இங்கிலீஷ் படந்தான். அதுல வர்ற வீடு இங்கதான் இருக்கு, ஸ்டைனர் தெருவும் பிராட்வேயும் சேர்ற முக்குல. லீவுல போயி வெளிய நின்னு பாத்துட்டு வந்தேன், 2014ல அதுல கிழவி வேஷம் போட்டு நடிச்ச ராபின் வில்லியம்ஸ் இறந்தப்ப சனம் அந்த வாசல்ல பூவா கொண்டாந்து வச்சுட்டுப் போச்சாம்.

அவரு பெரிய மனுசன் லாத்தா. ஒரு சீன்ல முகமூடிக்குப் பதிலா கேக் கிரீமை மூஞ்சில அப்பிக்கிட்டு வருவாரு, லைட்டு சூட்டுல அது உருகி டீக்குள்ள சொட்டிருச்சு, எழுதி வச்சதே இல்ல, அப்படியே சமாளிச்சு பேசிட்டாரு, அதத்தான் படத்துல வச்சிருக்காக. அவரு எப்ப என்ன பேசுவாருன்னு தெரியாதுன்னு டைரக்டர் கிறிஸ் கொலம்பஸ் மூணு நாலு கேமராவ ஒண்ணா ஓட விடுவாராம். அந்தக் கிழவி மேக்கப்புக்கு ஆஸ்கரே கிடைச்சுச்சு. மூத்த மகளா நடிச்ச புள்ளைய ஷூட்டிங்னால பள்ளிக்கூடத்துல இனி வராதன்னுட்டாக, இவரு ஹெட்மாஸ்டருக்கு லெட்டர் எழுதிருக்காரு, அந்தாளு லெட்டர பிரேம் போட்டு மாட்டிட்டு புள்ளைய மட்டும் சேக்கல. எனக்கு வயிறு எரிஞ்சிருச்சு.

ஆனா நான் சொல்ல வந்தது முடிவைப் பத்தி. நம்ம படத்துல புருசன் பொண்டாட்டி சேந்துருவாக. இங்க சேர மாட்டாக. சேத்து வைக்கலாம்னு பேச்சு வந்தப்ப ராபினும், பொண்டாட்டியா நடிச்ச சாலி ஃபீல்டும், டைரக்டரும் ஒத்துக்கல, அம்மா அப்பா பிரிஞ்ச புள்ளைக இதப் பாத்துட்டு நம்ம வீட்லயும் சேந்துருவாகன்னு காத்துக் கிடக்கும், அந்த ஏக்கத்தக் குடுக்கக் கூடாதுன்னுட்டாக. ராபினே முத கல்யாணம் முறிஞ்சு, ஒரு மகன வச்சிருந்தவருதான். கோர்ட்டு சனிக்கிழம மட்டும் புள்ளைகளப் பாருன்னு சொன்னதுனாலதான் அந்த வாப்பா பொம்பள வேஷமே போடுறாரு, கடைசில தினமும் சாயந்தரம் புள்ளைக அவருகூட போகுது.

எங்க கீழ் வீட்லயும் அப்படித்தான். ஆறு வயசுப் பையன், வெள்ளிக்கிழமையானா முதுகுல பையோட படிக்கட்டுல உக்காந்திருப்பான், அப்பன் வந்ததும் ஓடுவான், அம்மாக்காரி வாசல் வர வந்து இருமல் மருந்து பைல இருக்குன்னு சொல்லிட்டு உள்ள போயிரும். சண்டையும் இல்ல, சிரிப்பும் இல்ல.

ஜமாத்துல பேசி நம்ம புள்ளைய பிரிச்சு விட்டதுக்கு அப்புறம் பேரன அவுக வாப்பா கண்ணுலயே காட்டலன்னு உம்மா போன்ல அழுதாக. அந்தாளு செஞ்சது தப்புதான், நான் மறக்கல. ஆனா பேரனுக்கு அவரு வாப்பாதானே லாத்தா. ஜும்மா முடிஞ்சு அவரு வந்தா தெருவுல நிக்க வைக்காதீக, திண்ணையிலயாச்சும் உக்கார வச்சு பேரன அனுப்புங்க, சாயந்தரம் அசர் தொழுகைக்குள்ள கூட்டியாந்துரணும்னு சொல்லி விடுங்க. மச்சான்கிட்ட நான் பேசுறேன், நீங்க பயப்படாதீக.

பணம் அடுத்த வாரம் போடுறேன். உம்மாவுக்கு சலாம் சொல்லுங்க.

உங்க தம்பி