கரையைக் கடந்த பிறகு பெய்யும் மழையையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. இனி உங்கள் முதல் பக்கத்தில் வங்கக்கடல் புயல் படம் வரும். அதில் ஒரு சுழி, சுழியிலிருந்து கரையை நோக்கி ஒரு கோடு, பக்கத்தில் காற்றின் வேகம். அந்தப் படத்தில் விடுபட்டுப் போவதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தபோது மழைமானியை அளந்து குறிப்பதும் என் பொறுப்பில் இருந்தது. நேற்றுக் காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை பெய்தது ஒரு நாள் கணக்கு. ஓய்வு பெற்ற பிறகும் அந்த நேரம் வந்தால் மழை எவ்வளவு என்று யாரையாவது கேட்காமல் இருக்க முடிவதில்லை. அதனால் புயல் என்றால் எனக்கு முதலில் மழை, அப்புறம்தான் காற்று.

2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைக் கரையை ஒட்டி மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாகுமா ஆகாதா என்று நாலைந்து நாள் பேச்சாக இருந்தது. 29ஆம் தேதி பிற்பகலில்தான் பெயர் கிடைத்தது. அதற்குள் வானிலை மையத்தைக் கேலி செய்து எத்தனை பேச்சு! எனக்கு மனசு கேட்கவில்லை. காற்றின் வேகம் மணிக்கு 62 கி.மீ. தொட்டால் புயல், அதற்குக் கொஞ்சம் கீழே இருந்தால் தாழ்வு மண்டலம். அந்த எல்லையில் நிற்கும் ஒன்றை, நடுக்கடலில், பெரும்பாலும் இன்சாட் செயற்கைக்கோள் படத்தில் மேகம் சுருண்டிருக்கும் விதத்தை வைத்துக் கணிக்கிறார்கள். கரைக்கு அருகே வந்த பிறகுதான் சென்னை, காரைக்கால் ரேடார்களின் கண்ணில் படும். அட்லாண்டிக் கடலில் அமெரிக்கர்கள் விமானத்தையே புயலுக்குள் ஓட்டிச் சென்று, கருவிகளைக் கீழே போட்டு அளக்கிறார்கள். வங்கக்கடலில் அப்படி வழக்கமாக விமானம் போவதில்லை.

புயல் உருவாவதும் லேசான காரியமில்லை. கடல் மேற்பரப்பு 26.5 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். அந்தச் சூடு ஐம்பது மீட்டர் ஆழம் வரையாவது இறங்கியிருக்க வேண்டும். ஆவி மேலே போய்க் குளிர்ந்து மேகமாகும்போது வெளிவரும் வெப்பம்தான் புயலுக்குத் தீனி. பூமி சுழல்வதால் உள்ளே பாயும் காற்று வளைந்து சுற்றத் தொடங்குகிறது. இவ்வளவும் கூடி வந்தாலும், கீழே ஒரு திசையிலும் மேலே வேறு திசையிலும் காற்று வீசினால் சுழல் சாய்ந்து கலைந்துவிடும்.

சரி, கணிப்பு தவறிப்போனதா? காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, புதுச்சேரி அருகே கடக்கும் என்றார்கள். 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகேதான் கடந்தது. விழுப்புரம் மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கையும் இருந்தது. ஆனால் அன்று இரவு டிவியில் "புயல் கரையைக் கடந்தது" என்ற வரியைப் பார்த்ததும், எங்கள் தெருவில் பலர் ஆபத்து நீங்கிவிட்டது என்று படுக்கப் போனார்கள். மேட்டுக்கு ஓட்டிப்போன ஆடுகளைத் திரும்பக் கொட்டகைக்கே கொண்டு வந்தவர்களும் உண்டு. விடிவதற்குள் முழங்கால் அளவு தண்ணீர்.

புயலுக்குச் சொந்தமாகப் பெரிய போக்கு கிடையாது. ஆற்றில் மிதக்கும் கட்டையைப் போல, சுற்றியுள்ள பெருங்காற்று இழுத்த பக்கம்தான் போகும். அந்த இழுப்பு தளர்ந்தால் நின்றுவிடும். ஃபெஞ்சல் கரையேறிய பிறகு மணிக்கணக்காக நகராமல் நின்றது. டிசம்பர் 1 காலைக் கணக்கில் எங்கள் மாவட்டத்து மயிலத்தில் 51 செ.மீ. மறுநாள் கணக்கில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ.; கடலிலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே இருக்கிற ஊர் அது! திருவண்ணாமலையில் மண் சரிந்து ஒரே வீட்டுக்குள் ஏழு உயிர் போனது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட, தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. இத்தனைக்கும் கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 70 முதல் 80 கி.மீ.தான். புயல்களின் தரவரிசையில் ஆகக் கீழ்ப்படி.

அந்த வரிசை காற்றை மட்டுமே வைத்துப் போடப்படுகிறது, மழைக்கு அதில் இடமே இல்லை. அமெரிக்காவின் ஹரிக்கேன் வரிசையும் அப்படித்தான். 2017இல் டெக்சாஸில் ஹார்வி என்ற புயல் கரையேறி, வலு குறைந்து, அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றபோதுதான் ஹூஸ்டன் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது.

மழை எச்சரிக்கையிலும் ஒரு குறை எனக்குப் படுகிறது. 21 செ.மீ. தொட்டால் "அதி கனமழை". அதற்கு மேல் படியே இல்லை. 22 செ.மீ. பெய்தாலும் 51 செ.மீ. பெய்தாலும் அதே சொல், அதே சிவப்பு. மானியை அளந்தவனுக்குத் தெரியும், இரண்டும் ஒரே மழை இல்லை. முதலாவதில் ஏரி நிரம்பும், இரண்டாவதில் கரை உடையும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். வானிலை மையம் வெளியிடும் படத்தில் கோட்டைச் சுற்றி, நாள் கூடக் கூட விரிந்துகொண்டே போகும் ஒரு பகுதி இருக்கும். புயலின் மையம் அதற்குள் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று அர்த்தம். இடம் போதவில்லை என்று அதை வெட்டிவிட்டுக் கோட்டை மட்டும் போடாதீர்கள். அந்தப் பகுதிக்கு வெளியே நூறு கி.மீ. தள்ளியும் மழை கொட்டும் என்பதை அதன் கீழேயே ஒரு வரி எழுதுங்கள். காற்று வேகத்துக்குப் பக்கத்தில், கரையைக் கடந்த பின் இரண்டு நாளுக்கான மழைக் கணிப்பை உள்மாவட்டங்களுக்கும் சேர்த்துப் போடுங்கள். அணை நீர்மட்டத்தையும் திறந்துவிடும் அளவையும் உள்பக்கத்தில் ஒதுக்காமல், புயல் செய்தியோடு முதல் பக்கத்திலேயே இந்தப் பருவத்திலிருந்து கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர்,
விழுப்புரம் மாவட்டம்.