ஓடும் ஆண்டுகளும் நகராத பிற்பகல்களும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் தஞ்சைக்கே மாற்றல் கிடைத்தது குறித்து மகிழ்ச்சி. இங்கு அனைவரும் நலம். தீபாவளிப் பலகாரம் தீர்வதற்குள் பொங்கல் வந்துவிடுகிறது, பணி ஓய்வுக்குப் பின் ஆண்டுகள் எங்கேதான் போகின்றன என்று கேட்டிருந்தீர்கள். சில நாட்களாக எனக்கும் அதே சிந்தனைதான்.

பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் பால் ஜானே 1877-இல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். 10 வயதுப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது வாழ்ந்த காலத்தில் பத்தில் ஒரு பங்கு; 50 வயதுக்காரருக்கோ ஐம்பதில் ஒரு பங்கு; அதனால்தான் அது சிறுத்துத் தெரிகிறதாம். கணக்கு ஆசிரியனான எனக்கு இது பிடித்திருக்க வேண்டும், ஆனால் ஒப்பவில்லை. இது மட்டுமே காரணம் என்றால் நம் வயதில் ஒவ்வொரு பிற்பகலும் பறந்தோட வேண்டுமே! மின்சாரம் நின்றுபோன சித்திரை மாத மதியத்தில், பனை விசிறியும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போது, மணி மூன்றாவதற்குள் ஒரு யுகம் கழிந்துவிடுகிறது.

மார்க் விட்மன், சான்ட்ரா லென்ஹாஃப் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 14 முதல் 94 வயது வரையிலான 499 பேரிடம் கேட்டு, 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. சென்ற வாரமும் மாதமும் எவ்வளவு வேகமாகப் போயின என்ற கேள்விக்கு இளையவரும் முதியவரும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் பதில் சொன்னார்கள். கடந்த பத்தாண்டுகளைப் பற்றிக் கேட்டபோதுதான், அவை விரைந்தோடிவிட்டன என்று மூத்தவர்கள் கூடுதலாகச் சொன்னார்கள். ஆக, திரும்பிப் பார்க்கும்போதுதான் காலம் சுருங்குகிறது. பழகிப்போன நாட்கள் நினைவில் தனித்தனியே நிற்பதில்லை என்று அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இலேயே எழுதியிருக்கிறார்.

என் முதல் பணியிடத்தை நினைத்துப் பார்க்கிறேன். கீழ் மூலை உடைந்த கரும்பலகை, மெஸ்ஸில் கடன் எழுதிவைத்த நீளமான நோட்டு, வாடகை கேட்கும் முன் இருமிக்கொள்ளும் வீட்டுக்காரர் என்று அந்த ஓராண்டை நாள் முழுக்கச் சொல்லலாம். கடைசிப் பள்ளியில் கழித்த நீண்ட காலமோ ஒரே கட்டாகத்தான் நினைவுக்கு வருகிறது.

மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு இளைஞர் 1962-இல் ஆல்ப்ஸ் மலைக் குகையொன்றில் கடிகாரம் இல்லாமல் இரண்டு மாதம் தங்கினார். செப்டம்பர் 14 அன்று அவரை வெளியே அழைத்தபோது, அவருடைய கணக்கில் அன்று ஆகஸ்ட் 20 தான்! பகலும் இரவும் ஒன்றுபோலிருந்த இடத்தில் ஏறக்குறைய ஒரு மாதமே கணக்கில் விட்டுப்போயிருக்கிறது.

புதிதாக எதையாவது செய்தால் ஆண்டுகள் நீளும் என்று பலரும் அறிவுரை சொல்கிறார்கள். நினைவில் வேண்டுமானால் நீளலாம். அதற்காகவே ஊர் ஊராக அலைவது எனக்குச் சரியாகப் படவில்லை. எனினும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அறுபதைத் தாண்டிய பிறகு நீங்கள் புல்லாங்குழல் கற்கத் தொடங்கினீர்களே, அந்த முதல் ஆண்டு, அதற்கு முன்னும் பின்னும் வந்த ஆண்டுகளைவிட நீளமாக நினைவில் நிற்கிறதா? அவசியம் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்