விமானச் சீட்டுக்கு முன் கேட்க வேண்டிய தேதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரும் செப்டம்பரில் வெளிநாடு செல்லும் மாணவர் பரிமாற்றத் திட்டங்களுக்கு நம் மலேசியக் கல்லூரிகள் விண்ணப்பம் பெற்றுக்கொண்டிருக்கும் நேரம் இது. பிள்ளையின் கையொப்பத்துக்குக் கீழே தாமும் கையொப்பமிடப் போகும் பெற்றோரில் சிலராவது தங்கள் நாளிதழைப் படிப்பவர்களாக இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

என் மகள் கடந்த செப்டம்பரில், ஒரே ஒரு செமஸ்டர் படிப்பதற்காக, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்குப் போனாள். அனுப்பி வைப்பதில் நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. குளிர் அங்கி, கம்பளிக் காலுறை, ஒரு சின்ன ரைஸ் குக்கர், நெத்திலி சம்பல் மூன்று போத்தல், கறிச்சுவை மேகி ஒரு பெட்டி என்று எல்லாம் எடைபோட்டுக் கட்டிக்கொடுத்தோம். விமானச் சீட்டு வாங்கும்போது, டிசம்பர் 19ஆம் தேதி திரும்புவதைவிட 28ஆம் தேதி திரும்பினால் ஏறக்குறைய 1,400 ரிங்கிட் குறைவு என்று தெரிந்தது. தேர்வு 18ஆம் தேதி முடிகிறது, மேலும் பத்து நாள் ஊரைச் சுற்றிப் பார்க்கட்டுமே என்று 28ஆம் தேதிக்கே வாங்கி, என் தாராள மனத்தை நானே மெச்சிக்கொண்டேன். விடுதி அறையை 20ஆம் தேதி காலை பத்து மணிக்குள் காலி செய்தாக வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிய வந்தது நவம்பர் கடைசி வாரத்தில்.

நான் பட்டர்வொர்த் துறைமுகத்தில் கொள்கலன்களுக்கான பத்திரங்களைப் பார்ப்பவன். இலவசமாக வைத்திருக்கக்கூடிய கடைசி நாள் எது என்று கேட்காமல் சரக்கை இறக்காதீர்கள் என வாடிக்கையாளர்களிடம் அன்றாடம் சொல்லிக்கொண்டிருப்பவன். அந்த நான்தான், மகளின் விடுதி ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்த ஒரு வரியைப் படிக்காமல் கையொப்பமிட்டேன். ஆகவே பாதிக் குற்றம் என்னுடையது என்பதை ஒப்புக்கொண்டே மேலே எழுதுகிறேன்.

மீதிப் பாதி இங்குள்ள கல்லூரியின் அனைத்துலக மாணவர் பிரிவுக்கு உரியது. புறப்படுவதற்கு முன் அவர்கள் நடத்திய இரண்டு மணி நேர விளக்கக் கூட்டத்தில், எந்த வகைக் கையுறை வாங்க வேண்டும் என்பது வரை சொன்னார்கள். திரும்பி வருவதைப் பற்றிச் சொன்னது, 'தேர்வு முடிந்ததும் வந்துவிடலாம்' என்ற ஒரே வாக்கியம்.

விவரம் தெரிந்த பிறகு விசாரித்ததில் நான் புரிந்துகொண்டது இதுதான். அங்கே முழு ஆண்டும் படிக்கும் மாணவருக்கு ஒப்பந்தம் கோடை வரை நீள்வதால், கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் அறை அவர் பெயரிலேயே இருக்கும். சாமான்களை உள்ளே போட்டுப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்வருவார். ஒரு செமஸ்டர் மட்டும் படிக்க வந்தவரின் ஒப்பந்தமோ தேர்வுக் காலத்தோடு முடிந்துவிடுகிறது, ஏனெனில் ஜனவரியில் அதே அறைக்கு வேறொருவர் வருகிறார். வீடு மிகத் தொலைவில் இருப்பவருக்குத்தான் அறை முதலில் கைவிட்டுப் போகிறது.

செமஸ்டர் முடியும் காலமும் நாட்டுக்கு நாடு வேறு. ஸ்காட்லாந்தின் பல பல்கலைக்கழகங்களில் முதல் செமஸ்டர் தேர்வு டிசம்பரிலேயே நடந்துவிடுகிறது. இங்கிலாந்தில் பல இடங்களில் அது ஜனவரிக்குத் தள்ளிப்போகும். முன்கூட்டியே நாடு திரும்பும் பரிமாற்ற மாணவருக்குத் தேர்வுக்குப் பதிலாகக் கட்டுரை எழுதச் சொல்வதும் உண்டு. ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்கி, வகுப்புகளே பிப்ரவரி வரை போவதால், கிறிஸ்துமஸ் அதன் நடுவில் விழுகிறது. ஆஸ்திரேலியாவில் நவம்பரில் எல்லாம் முடிந்து கோடை விடுமுறை பிறந்துவிடும். என் அண்ணன் மகன் மெல்பர்னிலிருந்து வந்த அனுபவத்தைக் கேட்டு நான் எடின்பரோவுக்குக் கணக்குப் போட்டேன். அப்படி யாரும் போட வேண்டாம்.

அந்தக் கடைசி மூன்று வாரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிசம்பர் நடுவில் எடின்பரோவில் சூரியன் பிற்பகல் 3.40 வாக்கில் மறைந்துவிடுகிறது. நமக்கோ மாலை ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கிறது. தேர்வுக்குப் படித்து முடித்து அவள் அழைக்கும்போது அங்கே மாலை நான்கு மணி, இங்கே நள்ளிரவு பன்னிரண்டு. 'ஏன் விளக்குப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாய்?' என்று என் மனைவி கேட்க, 'அம்மா, விளக்கு எரிகிறது, உங்களுக்குத் தெரிவது சன்னல்' என்பாள். மார்கழி அதிகாலை வழிபாட்டுக்குத் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு அவளோடு போய்ப் பழகிய தாய்க்கு அந்த இருட்டு பிடிக்கவே இல்லை. சீட்டை மாற்றி உடனே வரவழையுங்கள் என்று பிடிவாதமாக நின்றார். மாற்றத்தான் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் என்பதால் இடமில்லை. இருந்த ஓரிரு இடங்களுக்குக் கேட்ட கூடுதல் தொகை, நான் மிச்சம் பிடித்த 1,400 ரிங்கிட்டைவிட அதிகம்.

விடுதி காலியாவதை மகள் கைப்பேசியில் காட்டினாள். ஆறு பேர் பகிர்ந்துகொண்ட சமையலறை அது. ஒவ்வொருவராகக் கிளம்பும்போது, தீராத பாஸ்தா, பாதி எண்ணெய், திறக்காத டின்கள் எல்லாம் 'யாரும் எடுத்துக்கொள்ளலாம்' என்ற தாளோடு மேசையில் சேர்ந்துகொண்டே போயின. சுவரில் படம் ஒட்டிய பசையின் தடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள், தடம் இருந்தால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்களாம். ஒரு பிரிட்டிஷ் பவுண்டுக்கு ஐந்து ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து அனுப்பிய பணமாயிற்றே. ரைஸ் குக்கரை, ஜூன் வரை தங்கப்போகும் நைஜீரிய மாணவி ஒருத்திக்குக் கொடுத்துவிட்டாள். அதைக் கொடுத்த அன்றுதான் அவள் குரல் உடைந்தது.

விடுதிக் காவலாளி ஒரு முதியவர். தம் அப்பா கிறிஸ்துமஸ் அன்றும் நிலக்கரிச் சுரங்க வேலைக்குப் போனவர் என்று அவர் சொன்னதை மகள் நம்பாமல் என்னிடம் கேட்டாள். தேடிப் பார்த்தால், ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பொதுவிடுமுறையானதே 1958இல்தானாம். அதற்கு முந்திய காலத்தில் அங்கே பெரிய பண்டிகை புத்தாண்டுதான். இன்றும் ஜனவரி 2ஆம் தேதி அவர்களுக்கு விடுமுறை. பண்டிகைச் சந்தையில் ராட்டினம் சுற்றிவிட்டு வந்தவளுக்கு, ஓர் ஊர் எப்படித் தன் பண்டிகையை மாற்றிக்கொள்கிறது என்பதைப் பாடநூல் சொல்லவில்லை, ஒரு காவலாளி சொன்னார். இதற்காகவாவது பிள்ளைகளைத் தேர்வு முடிந்த மறுநாளே இழுத்துக்கொண்டு வர வேண்டாம் என்பது என் கருத்து. அறை எதுவரை என்பது முன்பே தெரிந்திருந்தால் அந்த நாள்கள் எங்களுக்கும் இனித்திருக்கும்.

அறையைக் காலி செய்யும் 20ஆம் தேதிக்கும் விமானம் ஏறும் 28ஆம் தேதிக்கும் இடைப்பட்ட அந்த எட்டு இரவுகள் சாதாரண இரவுகள் அல்ல. டிசம்பர் 25 அன்று அங்கே ரயில் ஓடாது. பெரிய கடைகள் திறக்கக்கூடாது என்று 2007ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. தங்கும் இடங்களின் வாடகையும் அந்த வாரத்தில் வேறு கணக்கு. பணம் கையில் இருந்தாலும், பழக்கமில்லாத ஊரில் ஒரு பெண்பிள்ளை அன்று வெளியே நின்றால் போக இடமில்லை.

காப்பாற்றியது மொழி. தீபாவளியன்று லீத் பகுதியிலுள்ள இந்துக் கோயிலில் அறிமுகமான யாழ்ப்பாணத்துச் செவிலியர் ஒருவர், விஷயம் கேள்விப்பட்டதும், 'பிள்ளை, இஞ்ச வந்து நில்லுங்கோ. எட்டு நாள் எங்களுக்கொரு பாரமே?' என்று அழைத்துவிட்டார். அவர்கள் வீடு எடின்பரோவுக்கு வடக்கே, கடற்கழியைத் தாண்டி, கிர்க்கால்டி என்ற ஊரில். ரயில் கடக்கும் சிவப்பு எஃகுப் பாலம் 1890இல் திறந்தது, 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது; நம் ஜார்ஜ்டவுனுக்கு அந்தப் பெருமை 2008லேயே வந்துவிட்டது என்று அவர்களிடம் மகள் மறக்காமல் சொல்லியிருக்கிறாள். கிறிஸ்துமஸ் மதியம் அந்தச் சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் பட்டாசு போன்ற காகிதச் சுருளை இருபுறமும் இழுத்து வெடித்து, உள்ளிருந்த காகிதக் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டார்கள். அந்நாட்டார் அன்று தவறாமல் வேகவைக்கும் சின்னஞ்சிறு முட்டைக்கோஸை, என் மகள் கடுகு தாளித்துத் தேங்காய் போட்டுப் பொரியல் செய்து வைத்தாளாம். முழுவதும் தீர்ந்துபோனதாகப் படம் வந்தது.

அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் பட்ட நன்றிக்கடன் பெரிது. ஆனால் ஒரு கல்லூரியின் ஏற்பாடு, கோயிலில் தற்செயலாகச் சந்தித்த ஒருவரின் நல்ல மனத்தை நம்பி இருக்கக்கூடாது அல்லவா?

இன்னொரு செய்தியையும் சேர்த்துக்கொள்கிறேன், அது என்னை வீணாகத் தூங்கவிடாமல் செய்தது. தேர்வு முடிந்த பிறகும் அங்கே தங்கினால் குடிநுழைவுத் தொல்லை வருமோ என்று அஞ்சினேன். பிரிட்டனைப் பொறுத்தவரை, மலேசியர் விசா இன்றி ஆறு மாதம் வரை தங்கலாம், அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையத்தில் குறுகிய காலம் படிக்கவும் செய்யலாம். ஆனால் 2025 ஜனவரி முதல், புறப்படுவதற்கு முன்பே இணையத்தில் மின்னணுப் பயண அனுமதி பெற்றாக வேண்டும். மற்ற நாடுகளுக்கு விதி வேறு. அதையும் சீட்டு வாங்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

கல்லூரிகளிடம் நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. பெற்றோர் கையொப்பமிடும் அதே பக்கத்தில், கடைசித் தேர்வு எந்த நாள், அறையைக் காலி செய்ய வேண்டிய நாளும் நேரமும் எவை என்று இரண்டு கட்டங்கள் அச்சிடுங்கள். அவற்றை நிரப்பாமல் எங்களிடம் பேனாவை நீட்டாதீர்கள். அறை முடிந்த பிறகும் சில நாள் பணம் கட்டித் தங்க அந்நாட்டு விடுதி இடம் தருமா என்பதை அக்டோபரிலேயே, மாணவர் கேட்கும் முன், கேட்டுச் சொல்லுங்கள்.

ஜனவரியில் நான் நேரில் போய் இதைச் சொன்னபோது, எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று பணிவாகவே பதில் சொன்னார்கள். மகள் தன் கைப்பட இந்த விவரங்களை ஒரு தாளில் எழுதி, அடுத்துப் போகவிருக்கும் மாணவர்களுக்காகக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். முத்திரை இல்லாத தாள் என்று மறுநாள் அதைக் கிழித்துவிட்டார்கள். ஆகவேதான் தங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மாணவியின் தந்தை,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.