பாதிரியார் அனுப்பிய பொட்டலம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குப் பல் முளைத்த சேதி முதல் வரியில், புனே குளிருக்கு ஏச்சு இரண்டாவது வரியில். கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பவனிடம் குளிரைப் பற்றி அளக்காதே. என் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. ஏற்றம் ஏறுவதில்லை, மற்றபடி நடக்கிறேன். வீட்டில் உன்னை விசாரித்தாள். அப்புறம், கடிதத்தின் மிச்சமெல்லாம் சண்டைதானே, அதற்கு வருகிறேன்.

“அன்பைப் போதிக்க வந்த மனுஷன் குருவியைச் சுட்டுத் தோலை உரித்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஸ்டாம்பு மாற்றுகிற மாதிரி மாற்றிக்கொண்டாராம், அவர் பெயரையே பறவைக்கும் வைத்தார்களாம்” என்று கொதித்திருக்கிறாய். போன தடவை பழனிச் சிரிப்பான் என்ற மலைப் பறவையைப் பற்றி எழுதியபோது ஃபேர்பாங்க் பாதிரியார் பெயரை நான் சொல்லாமல் விட்டிருந்தால் உனக்கு ரத்தக் கொதிப்பு மிச்சமாகியிருக்கும்.

முதலில் ஒன்று. அவர் எனக்கு அல்ல, உனக்குத்தான் பக்கத்துக்காரர். சாமுவேல் பேகன் ஃபேர்பாங்க், அமெரிக்கன் மராத்தி மிஷனில் வேலை பார்க்க 1846இல் இந்தியாவுக்கு வந்தவர். அகமத்நகர், பம்பாய், அப்புறம் அகமத்நகர் பக்கத்து வடாளா கிராமம் என்று வாழ்நாளின் பெரும்பகுதியை உன் மராட்டியத்தில்தான் கழித்தார். கொடைக்கானலோ, மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் 1845இல் வீடு கட்டி உண்டாக்கிய ஊர். ஃபேர்பாங்கும் அமெரிக்கர்தான், இரண்டு மிஷன்களையும் நடத்திய அமெரிக்கன் போர்டின் ஆள். மலைக்கு வர வழி அப்படித்தான் திறந்திருக்கும். அப்போது மோட்டார் சாலை ஏது? பெரியகுளம் பக்கத்து அடிவாரத் தோப்பிலிருந்து குதிரையிலோ, கூலிகள் தூக்கும் டோலியிலோ ஏற வேண்டும்.

இப்படி ஏறி வந்தவர் கண்ணில் பட்டது என்ன? ஜெர்டன் டாக்டர் 1862இலிருந்து 1864வரை வெளியிட்ட இந்தியப் பறவைகள் புத்தகங்களில் நீலகிரிச் சிரிப்பான் இருக்கிறது. தாடை கறுப்பு, தொண்டையும் மார்பும் செம்பழுப்பு. இங்கே தோட்டத்து முள்ளுப்பழச் செடியில் கூச்சல் போடுகிற பறவைக்கோ மார்பு சாம்பல், மெல்லிய கோடுகள், கறுப்புத் தாடை இல்லை. இன்னொன்று சோலைக்குள் இருட்டில் தரையோடு தத்துகிற நீலக் குருவி. நீலகிரியில் இருப்பதற்கு விலாவில் செம்பழுப்பு உண்டு. இங்குள்ளதற்கு வயிறு வெள்ளை. வேறாக இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஆனால் வேறுதான் என்று சொல்ல இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாக வேண்டும். அகமத்நகரில் ஒரு பாதிரியார் வீட்டில் நீலகிரிப் பறவையின் தோல் எங்கிருந்து வரும்? யாரிடமாவது அனுப்பத்தான் வேண்டும்.

அவர் அனுப்பியது வில்லியம் பிளான்ஃபோர்டிடம். பிளான்ஃபோர்டு தொழிலால் பறவைக்காரர் இல்லை, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பாறை பார்க்கிறவர். பாறை தேடிப் போகிற இடமெல்லாம் நத்தையும் பறவையும் பொறுக்கியவர். ஃபேர்பாங்குக்கும் நத்தைப் பைத்தியம் உண்டு. உவர்நீர் நத்தைப் பேரினம் ஒன்றுக்கு ஃபேர்பாங்கியா என்றே பிளான்ஃபோர்டு பெயர் வைத்திருக்கிறார். பழனி மலையிலிருந்து பாதிரியார் கொண்டுபோன தோல்களை வைத்து 1868இல் வெள்ளை வயிற்று நீலக் குருவியையும், 1869இல் சிரிப்பானையும் புதிய இனங்கள் என்று விவரித்தார். சிரிப்பானுக்கு வைத்த பெயர்தான் உன்னைக் கொதிக்க வைத்த ‘ஃபேர்பாங்கி’. கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் நான் இவர் என்றும் சொல்ல மாட்டேன், அவர் என்றும் சொல்ல மாட்டேன். அந்தப் பொட்டலம் போகாமலிருந்தால் ஒருவரிடம் சந்தேகமும் இன்னொருவரிடம் அலமாரியும் மட்டும்தான் இருந்திருக்கும்.

இப்போது நீ கேட்ட கேள்வி: ஏன் சுட வேண்டும்? கேமரா கிடையாது என்றே வைத்துக்கொள். கையில் பிடிக்கிற வண்ணப்படப் புத்தகமும் இல்லை. இருப்பது நல்ல கண், பொடிக் குண்டு போட்ட துப்பாக்கி. பெரிய குண்டு பட்டால் குருவி கந்தலாகிவிடும். சுட்ட அன்றே வேலையை முடித்தாக வேண்டும், இல்லையென்றால் இறகு உதிரும். வயிற்றில் கீறி, உடலை மெதுவாக வெளியே எடுத்து, தோலின் உட்புறம் பாஷாணச் சோப்பைத் தடவி, பஞ்சடைத்து, காலைச் சேர்த்துக் கட்டுவார்கள். பாஷாணம் இல்லையென்றால் வண்டு தின்றுவிடும். தின்னாததை மழைக்காலம் பூசணம் பிடிக்க வைத்துவிடும். ஆணா பெண்ணா என்பதை உடலை அறுத்துப் பார்த்து எழுதுவார்கள், ஏனென்றால் பல இனங்களில் இறகைப் பார்த்துச் சொல்ல முடியாது. கண், அலகு, கால் நிறங்களையும் அப்போதே குறிக்க வேண்டும். தோல் காய்ந்தால் அவை போய்விடும். அப்புறம் காலில் ஒரு சீட்டு: இடம், தேதி, யார் எடுத்தது.

என்னைக் கேட்டால் அந்தத் தொழிலின் உயிரே அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. சீட்டு இல்லாத தோல் அலங்காரப் பொருள், அவ்வளவுதான். பெரிய மனிதர் பெயர் எழுதிய சீட்டுகள் நிறைய உண்டு. உட்கார்ந்து தோலை உரித்த நம்மூர் ஆட்கள் பெயர் அநேகமாக எதிலும் இருக்காது. நீ கோபப்படுவதாக இருந்தால் இதற்குக் கோபப்படு, நானும் சேர்ந்துகொள்கிறேன்.

மாற்றிக்கொள்கிற விஷயத்தில் உன் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. ஒரு இனத்தை நிலைநாட்ட ஆணும் பெண்ணும் குஞ்சுமாகச் சில தோல் போதும். ஆனால் ஒன்றோடு நிறுத்துகிறவனிடம் பதிலுக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. மிச்சத் தோல்தான் அவர்களுக்குக் காசு. அதைக் கொடுத்தால்தான் அடுத்தவனிடமிருந்து தன்னிடம் இல்லாதது வரும். இந்தக் கணக்கின் உச்சம் ஹியூம். ஆமாம், காங்கிரஸைத் தொடங்கிய அதே ஆலன் ஆக்டேவியன் ஹியூம். சிம்லாவில் உட்கார்ந்துகொண்டு நாடு முழுக்க இருந்த அதிகாரி, டாக்டர், தோட்டக்காரர், பாதிரியார் எல்லோரிடமிருந்தும் பறவை வரவழைத்தார். ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ என்று பத்திரிகையும் நடத்தினார். ஃபேர்பாங்கின் பட்டியல்கள் அதில்தான் வந்தன: 1876இல் கண்டாலா, மகாபலேஷ்வர், அகமத்நகர்ப் பறவைகள், அடுத்த வருஷம் பழனி மலைப் பறவைகள். அந்தப் பத்திரிகையைப் படித்தால் ஊரார் கடிதக் கட்டைத் திருட்டுத்தனமாகப் பிரித்த சுகம். ஒருவர் எழுதியதன் நடுவிலேயே அடைப்புக்குறி போட்டு ஹியூம் மறுத்துப் பேசுவார்.

1885இல் தன் சேகரிப்பை அவர் லண்டனுக்குக் கொடுத்தபோது சுமார் 82,000 உருப்படிகள். பிரிட்டிஷ் மியூசியத்து ஷார்ப் நேரில் சிம்லாவுக்கு வந்து 47 பெட்டிகளில் கட்டிக்கொண்டு போனார். அதற்குச் சற்று முன்னால்தான் ஹியூமின் பல வருஷக் கையெழுத்துப் பிரதிகளை வேலைக்காரன் ஒருவன் பழைய பேப்பராக எடை போட்டு விற்றுவிட்டான். எண்பத்திரண்டாயிரம்! பாதிரியார் சுட்டதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. இந்த எண்ணைப் படிக்கும்போது எனக்கும் தொண்டையில் ஏதோ அடைக்கிறது. ஆனால் 1967இல் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் பழைய முட்டைச் சேகரிப்புகளை எடை போட்டுப் பார்த்துத்தான், டிடிடி பூச்சிமருந்துக் காலத்தில் பைரி என்ற வேட்டைப் பறவைகளின் முட்டை ஓடு மெலிந்துபோனதை நிரூபித்தார். பழைய முட்டை அலமாரியில் இல்லையென்றால் எதோடு ஒப்பிடுவது?

நான் மன்னிக்காத ஆள் வேறு. மைனர்ட்சாகன் என்று ஒரு ராணுவ அதிகாரி. கதை உன் மாநிலத்தில்தான் முடிகிறது. காட்டுச் சிற்றாந்தை என்று ஒன்றை 1873இல் ஹியூம் விவரித்தார். உலகத்து மியூசியங்களில் அதற்கு ஏழே தோல்கள்தான். உண்மையாக எடுத்த கடைசித் தோல்கள் 1880களோடு சரி. இந்த மனிதர் 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் தானே எடுத்ததாக ஒரு தோலைக் காட்டியிருந்தார். அந்தச் சீட்டை நம்பிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். உண்மையில் அது உன் மராட்டியத்துக் காந்தேஷில் ஜேம்ஸ் டேவிட்சன் எடுத்தது. மியூசியத்திலிருந்து திருடி, பஞ்சை மாற்றி அடைத்து, புதுச் சீட்டுக் கட்டியிருக்கிறார். பமேலா ராஸ்முசென் என்ற பறவை ஆய்வாளர் அந்தப் பொய்யைத் தள்ளிவிட்டு, நேர்மையான சீட்டுகள் சொன்ன இடங்களைத் தன் கூட்டாளிகளோடு தேடிப் போனார். 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்து ஷஹாதா பக்கத்தில் பட்டப்பகலில் மரத்தில் உட்கார்ந்திருந்தது ஆந்தை. அந்தத் திருட்டுத் தோலுக்காக மைனர்ட்சாகன் ஒரு குண்டுகூடச் செலவழிக்கவில்லை, ஆனாலும் ஃபேர்பாங்கைவிட அவர் செய்த கேடு பெரிது என்பேன். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும்.

நம் மலைப் பறவைகளுக்கு 2017இல் தனிப் பேரினங்களே கொடுத்துவிட்டார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உள்ளவையும் தெற்கே உள்ளவையும் வேறு வேறு இனங்களாகப் பிரிந்து கிடப்பதை மரபணுவும் உறுதி செய்தது. பாதிரியார் கண்ணுக்குப் பட்ட வித்தியாசம் சரிதான். நீலக் குருவிக்கு இப்போது ஆங்கிலத்திலும் ‘சோலகிலி’ என்றே பெயர். இங்கே அதற்கு ஆபத்து துப்பாக்கியால் வரவில்லை. சோலையை வெட்டியதாலும், சுற்றியுள்ள புல்வெளியில் வாட்டில், பைன் மரங்களை நட்டதாலும் வந்தது.

நீ மழை விட்டதும் வா. செண்பகனூர் பாதிரிமார்கள் வைத்திருக்கும் மியூசியத்துக்குக் கூட்டிப் போகிறேன். பஞ்சடைத்த பறவைகளைப் பார்த்துக்கொண்டே மிச்சச் சண்டையைப் போடலாம். பைனாகுலர் கொண்டு வா. போனில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடுகிற வேலையெல்லாம் என்னோடு வைத்துக்கொள்ளாதே, கூடு கட்டுகிற பறவையைக் கலைத்துவிடும். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் மகன் காரில் வடாளா வரைக்கும் போய், அங்கே என்ன மிச்சமிருக்கிறது என்று பார்த்து எழுது. வரும்போது எனக்குப் பாக்கர்வடி அரைக் கிலோ. என் வீட்டில் மலைப்பூண்டு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறாள், உன் வீட்டில் சொல்லிவிடு.

உன் பழைய அறைத்தோழன்