பதினொன்றே முக்கால் மணி போன்

புதன், சனி மீட்டிங்கில் என்னோடு பெஞ்சைப் பகிர்ந்துகொண்ட எல்லோருக்கும் வணக்கம்.

இந்த அக்டோபரோடு எனக்கு ஐந்து வருடம் முடிந்தது. 2019 அக்டோபர் 14 அன்று கடைசியாகக் குடித்தேன். போன வாரம், குடியை விட்ட நாளைக் கொண்டாடுகிற பிறந்தநாள் மீட்டிங்கில் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "எல்லோருக்கும் நன்றிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தொண்டை அடைத்துக்கொண்டது. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை எழுதியாவது கொடுக்கலாம் என்றுதான் இந்த மடல்.

ஒருவர் பெயரையும் இதில் எழுதப்போவதில்லை. என் பெயரும் கிடையாது. குடியை நிறுத்த நாம் கூடுகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற பெயரிலேயே அது இருக்கிறது: பெயர் சொல்லாத குடிநோயாளிகள். மீட்டிங்கில் கேட்டது மீட்டிங்கோடு. அதனால் இங்கே இருப்பது பெரும்பாலும் என் கதை. மற்றவர்களைப் பற்றிய சில வரிகளை அவரவரிடம், ஒருவர் விஷயத்தில் அவர் வீட்டாரிடம், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் கண்டக்டர் அண்ணனுக்கு.

அண்ணா, நீங்கள் வார்டுக்கு வந்த நாளில் நான் இருந்த கோலம் உங்களுக்கு நினைவிருக்கும். கோவையில் கடைசல் பட்டறை வைத்திருப்பவன் நான். பம்ப் செட்டுக்கு ஷாஃப்ட் கடைவது தொழில். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பேரிங் உட்காராது. அந்த வேலைக்கு என் கை காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நிற்கும். மதுக்கடை மதியம் பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும் என்பதால் முதல் நாள் இரவே பாதி குவார்ட்டரை ஆயில் டப்பாவுக்குப் பின்னால் எடுத்து வைத்துவிடுவேன். காந்தி ஜெயந்தி எப்போது வருகிறது என்று எங்கள் தெருவில் என்னைப் போல் சரியாகத் தெரிந்தவர்கள் கிடையாது. முந்தின நாளே ஸ்டாக் வாங்க வேண்டுமே!

நிறுத்திப் பார்க்காமல் இல்லை. ஆறு வருடம் மாலை போட்டேன். ஐயப்பன் பெயரைச் சொல்லி நாற்பத்தொரு நாள் தொடாமல் இருப்பேன். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்று மாலையே பாட்டில் கையில் இருக்கும். ஏழாவது வருடம் மாலை போட்ட மூன்றாம் நாள் பட்டறையிலேயே வலிப்பு வந்து விழுந்தேன். சாமி குத்தம் என்றார்கள். அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் புரியும்படி சொன்னார். வருடக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையோடு, ஆஸ்பத்திரியில் இருந்துதான் நிறுத்த வேண்டும் என்றார். வைட்டமின் பி1 ஊசி, நடுக்கத்துக்கு மாத்திரை, பத்து நாள் படுக்கை. அந்த அம்மாவுக்கும், ராத்திரி நான் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தியபோது விளக்கைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நர்ஸுக்கும் என் நன்றி. இதை விரித்து எழுதக் காரணம் உண்டு. வைராக்கியம் இருந்தால் போதும், இன்றே நிறுத்து என்று யாராவது சொன்னால் தயவுசெய்து டாக்டரையும் பாருங்கள்.

ஒன்பதாம் நாள் நீங்கள் வந்தீர்கள், அண்ணா. வெள்ளைச் சட்டை, கையில் ஒன்றுமில்லை. இன்னொரு அறிவுரை வருகிறது என்று நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நீங்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "டிக்கெட் காசுலயே குடிச்சவன் தம்பி நானு" என்று ஆரம்பித்தீர்கள். அரைமணி நேரம் உங்கள் கதைதான். என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. பைக்குள் காசு குறைந்ததும், சஸ்பெண்ட் ஆனதும், மகள் கல்யாணத்தில் மேடைக்கே வராமல் மண்டபத்துக்குப் பின்னால் கிடந்ததும். ஒளித்து வைக்கிற இடங்களைச் சொன்னீர்கள் பாருங்கள், அப்போதுதான் நான் திரும்பிப் படுத்தேன். அதுவரை அந்த வித்தை எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் அந்த போன். வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து தினமும் காலை பதினொன்றே முக்காலுக்கு அடிக்கும். "சாப்ட்டீங்களா தம்பி? என்ன வேலை ஓடுது?" அவ்வளவுதான். குடிப் பேச்சே இருக்காது. பன்னிரண்டே கால் வரைக்கும் ஏதாவது பேசிக்கொண்டிருப்பீர்கள். ஷாஃப்ட் விலை, மழை, உங்கள் பழைய ரூட்டில் எந்த ஸ்டாப்பில் எந்தக் கிழவி சில்லறைக்குச் சண்டை போட்டாள் என்பது வரை. கடை திறக்கிற நேரம் அது என்று எனக்கு உறைக்கவே இரண்டு வாரம் ஆனது.

நீங்கள் எனக்காக மெனக்கெடுகிறீர்கள் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டும் விட்டேன், தினமும் உங்களுக்கு இது தொந்தரவு இல்லையா என்று. "எனக்கும் அந்த நேரந்தான் தம்பி ஆகாது. ஒங்ககிட்டப் பேசுனா எனக்கும் தாண்டிருது" என்றீர்கள். பதினொரு வருடம் தொடாதவர் இப்படிச் சொல்கிறாரே என்று அன்றைக்குப் பயந்துதான் போனேன். பிறகு ஒரு மீட்டிங்கில் அக்ரன் கதையைக் கேட்டபோதுதான் விளங்கியது. 1935 மே மாதம் அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில் பில் வில்சன் என்ற பங்கு வியாபாரி, போன காரியம் கெட்டு, ஹோட்டல் வராந்தாவில் தனியாக நிற்கிறார். குடியை விட்டு ஐந்தாறு மாதம்தான். ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் போனை எடுத்து, பேசுவதற்கு ஒரு குடிகாரர் இந்த ஊரில் கிடைப்பாரா என்று தேட ஆரம்பிக்கிறார். அந்த ஆளைத் திருத்துவதற்காக இல்லை, தான் குடிக்காமல் இருப்பதற்காக. அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர், கை நடுங்குகிறவர். அவர் கடைசியாகக் குடித்தது 1935 ஜூன் 10 அன்று, ஆபரேஷனுக்குப் போகும் முன் கை நிற்பதற்காக பில் கொடுத்த ஒரு பீர். அந்தத் தேதியைத்தான் நம் இயக்கத்தின் பிறந்தநாளாக வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மற்றதெல்லாம் மறந்தாலும் அந்தக் கை நடுக்கம் மறக்காது.

அடுத்து, முதல் மீட்டிங்கில் இருந்த எல்லோருக்கும். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு அறை. போர்டில் பதினேழாம் வாய்ப்பாடு அழிக்காமல் இருந்தது. குழந்தைகள் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தேன். கட்டணம் எவ்வளவு என்று கேட்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள். கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி என்றார்கள். கடைசியில் ஒரு துணிப்பை சுற்றி வந்தது; வாடகைக்கும் டீக்கும் விருப்பப்பட்டவர்கள் போடுவது. வெளியாள் யாரிடமும் நன்கொடை வாங்குவதில்லை என்பதை அன்றைக்கு நான் நம்பவில்லை. நம் ஊரில் போர்டு வைக்காமல், ரசீது புத்தகம் அடிக்காமல் எதுவாவது நடக்குமா?

அதற்குப் பிறகு நான் நாலு முறை சறுக்கினேன். மச்சான் கல்யாணம், ஒரு பெரிய ஆர்டர் முடிந்த சந்தோஷம், ஒரு சண்டை. நாலாவதற்குக் காரணமே இல்லை. ஒவ்வொரு முறையும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தேன். "வாங்க, உக்காருங்க. டீ ஆறுது." இதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில், சொந்தத்தில், பட்டறையில் எங்கும் எனக்கு அது கிடைத்ததில்லை; அவர்களைக் குறை சொல்லவும் இல்லை, அத்தனை முறை ஏமாந்தவர்கள் அவர்கள்.

நாலாவது சறுக்கலுக்குப் பிறகு டீ பொறுப்பை என் தலையில் கட்டிய தையல்கார அண்ணனுக்கு தனியாக ஒரு கும்பிடு. அப்போது அது தண்டனை போல இருந்தது. ஆனால் பிளாஸ்க் என்னிடம் இருப்பதால் நான் போகாவிட்டால் இருபது பேருக்கு டீ இல்லை. நல்லவனாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தைவிட அந்த பிளாஸ்க்தான் பல சனிக்கிழமைகளில் என்னை பஸ் ஏற்றியது. பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நாலில் எது வந்தாலும் உஷாராக இரு என்று சொல்லி என் சட்டைப் பையில் கடலை மிட்டாய் போட்டுவிட்டதும் அவர்தான். இப்போது சர்க்கரை டாக்டரிடம் போகிறேன், அது வேறு கதை.

கறுப்புச் சட்டைக்காரரை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பிரஸ் வைத்திருந்தார். குடியிலிருந்து மீள நம் இயக்கம் சொல்கிற பன்னிரண்டு படிகளில் கடவுள் என்று வருகிற இடத்தில் எல்லாம் கண்ணைச் சிமிட்டுவார். "எனக்கு மேலான சக்தி இந்த பெஞ்சுதான், இதுல உக்காந்தா குடிக்க முடியல" என்பார். நாங்கள் அவரவருக்குப் புரிந்தபடி கடவுளை வைத்துக்கொள்ளலாம் என்று இருப்பதால் யாருக்கும் அதில் சண்டை இல்லை. மூன்று வருடத்துக்கு மேல் தொடாமல் இருந்தவர், மனைவி போன பிறகு மீட்டிங்குக்கு வருவதை நிறுத்தினார். நான் இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. மூன்றாம் முறை செய்யவில்லை. அவர் இறந்தபோது இழவு வீட்டில், வழக்கம்போல, பந்தலுக்குப் பின்னால் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் ஆறு பேர் எதிர்த்த டீக்கடையில் ஒட்டி நின்றோம், எடுக்கும் வரைக்கும். சார், அந்த மூன்றாவது போனை நான் செய்யாமல் விட்டது இன்னும் உறுத்துகிறது. இப்போது யார் எடுக்காவிட்டாலும் நேரில் போய்விடுகிறேன்.

எங்கள் குழுவுக்கு வருகிற ஒரே பெண்ணான அக்காவுக்கும் நன்றி. "ஆம்பளை குடிச்சா குடிகாரன்னு ஒரு பேரோட நிறுத்திக்குவாங்க, எங்களுக்கு வைக்கிற பேரை இங்க சொல்ல முடியாது" என்று நீங்கள் சொன்ன பிறகுதான், என் வெட்கம் எவ்வளவு சின்னது என்று தெரிந்தது.

2020 மே 7 நினைவிருக்கிறதா? ஊரடங்கில் மார்ச் கடைசியிலிருந்து பூட்டிக் கிடந்த மதுக்கடைகளைச் சென்னை தவிர்த்து மற்ற ஊர்களில் திறந்த நாள். எனக்கு அப்போது ஏழு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. பள்ளிக்கூடம் பூட்டு, நேரில் மீட்டிங் இல்லை, ஜூமில் முகம் பாதி தெரியும், குரல் பாதி வரும். அன்றைக்கு வயதுக்கு ஒரு நேரம் பிரித்துவிட்டிருந்தார்கள். டிவியில் வரிசையைக் காட்டக் காட்ட, என் வயதுக்கு மதியம்தான் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் எல்லோரும் காலையிலேயே ஜூமைத் திறந்து மாலை கடை மூடுகிற வரைக்கும் மூடவே இல்லை. ஆள் மாற்றி ஆள். யாரோ சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே பேசினார். நான் பட்டறைத் தரையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, தேவையே இல்லாத ஒரு புஷ்ஷைக் கடைந்துகொண்டிருந்தேன். அந்த புஷ் இன்னும் என் மேஜையில் பேப்பர் பறக்காமல் இருக்க உதவுகிறது. மறுநாளே உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது. ஒரு வாரத்தில் திரும்பத் திறந்துவிட்டார்கள். அதற்குள் எனக்கு அந்தக் கணக்கு விட்டுப்போயிருந்தது.

என் வீட்டம்மாவைத் தாங்கிப் பிடித்த, குடிநோயாளிகளின் வீட்டாருக்கான அல்-அனான் குழுச் சகோதரிகளுக்கு என்ன சொல்வேன்? சுவரில் ஒட்டியிருக்குமே, குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம் என்று. அதை நம்பி அவள் வாங்கிய பொடியில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. குழம்பில் கலந்துவிட்டாள். அன்றைக்கு நான் குடித்ததும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்துச் சாகக் கிடந்தேன். குடித்தால் ஒத்துக்கொள்ளாதபடி செய்கிற மாத்திரை ஒன்று டாக்டர்களிடமே உண்டு. ஆனால் அதை ஆளிடம் சொல்லி, அவர் சம்மதித்து, பரிசோதனை செய்துதான் கொடுப்பார்கள். அவள் பாவம், வேறு வழி தெரியாமல் செய்தாள். குடிக்கிறவனைக் காவல் காப்பது உன் வேலை இல்லை, உன் சாப்பாடும் தூக்கமும் உன் வேலை என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நீங்கள். அவள் என் சட்டைப் பையை மோந்து பார்ப்பதை நிறுத்தியது நான் குடியை நிறுத்துவதற்கு முன்பே. அது எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது தெரியுமா? இனி ஏமாற்றுவதற்கு ஆள் இல்லை.

கடைசியாக, ஆவணியில் வந்து சேர்ந்த பெயின்டர் தம்பிக்கு. நீங்கள் எனக்கு நன்றி சொல்கிறீர்கள் ஒவ்வொரு முறையும். வேண்டாம் தம்பி. உங்களுக்கு நான் பதினொன்றே முக்காலுக்கு அடிக்கிற போன் யாருக்காக என்று கண்டக்டர் அண்ணனைக் கேளுங்கள். நேற்று நீங்கள் எடுக்காதபோது சாரத்தின் மேல் இருப்பீர்கள் என்று நினைத்தேன். இருந்தாலும் பட்டறையைப் பூட்டிவிட்டு சைட்டுக்கு வண்டியை எடுத்தேன். நீங்கள் மேலே இருந்து தூரிகையை ஆட்டினீர்கள். நான் கீழே நின்று கையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை கொஞ்சம் முன்னதாகவே வருகிறேன். வீட்டில் கேசரி செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள். பெரிய பிளாஸ்க்கின் மூடி காணோம் என்று யாரும் தேட வேண்டாம், என்னிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
கடைசல் பட்டறைக்காரன்
கோவை