பீஸ் பிடுங்கிய வீட்டுக்கு வந்த புலிட்சர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "எழுதவே முடியலைப்பா, ரூம் சின்னது, ஒரே சத்தம்" என்றாய். உம் கொட்டிவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம்தான் க்வெண்டலின் புரூக்ஸ் என்ற கறுப்பினப் பெண் கவிஞர் ஞாபகம் வந்தது. நீ இப்போது இருக்கிற சிகாகோவிலேயே வாழ்ந்து முடித்தவர். நீ இங்கே விட்டுப்போன அவருடைய கவிதைப் புத்தகத்தை அகராதியும் கையுமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1950-இல் 'ஆனி ஆலன்' தொகுப்புக்காக அவருக்கு அமெரிக்காவின் பெரிய எழுத்துப் பரிசான புலிட்சர் கிடைத்தது. கறுப்பினத்தவர் ஒருவர் அதைப் பெறுவது அதுதான் முதல் தடவை. செய்தி வந்த நேரத்தில் வீட்டில் விளக்கு எரியவில்லை. பில் கட்டாததால் கரன்ட்டைத் துண்டித்திருந்தார்கள். மறுநாள் படம் எடுக்க வந்தவர்கள் ஒயரைச் சொருகப் போனபோது அவருக்கு வயிற்றைக் கலக்கியது. நல்லவேளை, அதற்குள் எப்படியோ கரன்ட் வந்திருந்தது. வீடு வீடாகப் போய் பீஸ் பிடுங்கியவன் நான். கட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்துவிடுவேன். உள்ளே இருக்கிறவர்கள் ராத்திரி என்ன செய்வார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

நகரத்தின் மற்ற பகுதிகளில் கறுப்பர்களுக்கு வீடு கொடுக்க மாட்டார்கள். அதனால் தெற்குப் பக்கத்தில் பெரிய வீடுகளைத் துண்டு போட்டு, 'கிச்சனெட்' என்று வாடகைக்கு விட்டார்கள். பல குடித்தனத்துக்கு ஒரே குளியலறை. கல்யாணமான புதிதில் புரூக்ஸ் குடியிருந்ததும் அப்படிப்பட்ட இடங்களில்தான். அதைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருக்கிறார். வெங்காய வாடையும் நேற்றைய குப்பை நாற்றமும் அடிக்கிற அந்த நடைவழியில் ஒரு கனவு தாக்குப்பிடிக்குமா என்று யோசனை ஓடுகிறது. அதற்குள் ஐந்தாம் நம்பர்காரர் குளித்துவிட்டு வந்துவிடுகிறார். சரி, கனவு கிடக்கட்டும், வெதுவெதுப்பாகத் தண்ணீர் இருக்கும்போதே போய்விடலாம்! அவ்வளவுதான் கவிதை. நம் பழைய லைன் வீட்டில் நீயும் வாளியோடு வரிசையில் நின்றவள்தானே, உனக்குப் புரியும்.

மாடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாலே எழுத விஷயம் கிடைக்கும் என்பார் அவர்.

அவருடைய அப்பா டாக்டராக ஆசைப்பட்டு, முடியாமல் துப்புரவுப் பணியாளராக இருந்தவர். எழுதுகிற மகளுக்காக நிறைய சின்னச் சின்ன அறைகள் வைத்த மேஜை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா வீட்டு வேலை எதுவும் சொல்லாமல் அவரை எழுத விட்டார். நான் உனக்கு மேஜை வாங்கித் தரவில்லை. உன் அம்மாவோ பாத்திரத்தையும் உன்னையே கழுவ வைத்தாள். அந்த வகையில் உனக்குக் கொஞ்சம் குறைதான்.

ஒரு நாள், பள்ளிக்கூட நேரத்தில் சில பையன்கள் பில்லியர்ட்ஸ் கடையில் நிற்பதைப் புரூக்ஸ் பார்த்தார். 'ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை?' என்று கேட்கத் தோன்றவில்லையாம். 'இவர்கள் தங்களைப் பற்றி என்ன நினைத்துக்கொள்கிறார்கள்?' என்றுதான் யோசித்தாராம். 'வி ரியல் கூல்' என்ற அவருடைய பிரபலமான எட்டு வரிக் கவிதை அப்படிப் பிறந்தது. நானாக இருந்தால் முதல் கேள்வியைத்தான் கேட்டிருப்பேன். உன்னிடம் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று உனக்கே தெரியும்.

ஐம்பதை நெருங்கும்போது, 1967-இல், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு மாநாட்டில் இளம் கறுப்பின எழுத்தாளர்களைக் கேட்டுவிட்டு, தான் இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று திரும்பினார். புலிட்சர் வாங்கி 17 வருடம் கழித்து! பெரிய பதிப்பகத்தை விட்டு, டெட்ராய்ட்டில் இருந்த சின்னக் கறுப்பினப் பதிப்பகத்துக்குப் போனார். தெருக் கும்பலில் இருந்த பையன்களுக்குக் கவிதை வகுப்பு எடுத்தார். 2000-இல், 83 வயதில் போகும்வரை இல்லினாய் மாநிலக் கவிஞர் அவர்தான். பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்து, பரிசுப் பணத்தைத் தன் கையிலிருந்தே கொடுப்பாராம்.

உன் ரூம் ஜன்னலிலிருந்து என்ன தெரிகிறது? அடுத்த போனில் அதைச் சொல். கரன்ட் பில் கட்டிவிட்டாயா என்பதையும் சொல்.

அன்புடன்,
அப்பா