முதல் பெண் இயக்குநரை நினைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழ்த் திரையுலகின் பெண் இயக்குநர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் அண்மைக் காலத்திலிருந்தே தொடங்குகிறோம். 1931-இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்தின் நாயகி என்ற அளவில் டி.பி. ராஜலட்சுமியை நினைவில் வைத்திருப்பவர்கள்கூட, திருவையாற்றில் பிறந்து நாடக மேடையில் பாடி நடித்து வளர்ந்த அவர், தாம் எழுதிய ‘கமலவல்லி’ நாவலையே 1936-இல் ‘மிஸ் கமலா’ என்ற பெயரில் தயாரித்து, இயக்கி, நடிக்கவும் செய்தார் என்பதை அறிந்திருப்பதில்லை. படப்பிடிப்புத் தளத்தில் கட்டளையிடும் இடம் ஆண்களுக்கே உரியதாக இருந்த காலம் அது. தம் பொறுப்பில் படமெடுக்கத் துணிந்த ஒருவரை ‘சினிமா ராணி’ என்ற பட்டத்தோடு நிறுத்திவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ‘மிஸ் கமலா’வின் பிரதி இன்று கிடைக்காதது தனி வருத்தம். பின்னர் ‘சண்டிராணி’யை இயக்கிய பானுமதியும், ‘இந்திரா’வை இயக்கிய சுஹாசினியும் இந்த வரிசையில் வருபவர்கள்தாம்.

புதுச்சேரியில் மறைந்த நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரால் நம் புதுச்சேரி அரசு திரைப்பட விருது வழங்கி வருகிறது. நாடகத்திலிருந்து திரைக்கு வந்த ராஜலட்சுமியை நினைவுகூர அதைவிடப் பொருத்தமான மேடை இராது. அடுத்த விருது விழாவில் ஒரு மாலைப் பொழுதையாவது நடிகைகள் எழுதி இயக்கிய படங்களுக்கு ஒதுக்கி, கிடைக்கும் பிரதிகளைத் திரையிட்டு, கல்லூரி மாணவர்களைக் கட்டணமின்றி அனுமதிக்க அரசு முன்வர வேண்டும்.

– வாசகர், லாசுப்பேட்டை, புதுச்சேரி